பரங்கிக்காய் விளக்கும் பேயிரவு விருந்தும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, கொல்கத்தாவில் எங்கள் இல்லத்தில் 14 பேருக்கு ஒரு விருந்து நடைபெற்றது. ஹாலோவீன் என்னும் மேனாட்டு விழாவிற்கென நடந்த விருந்து அது. செய்தி எப்படியோ பரவிவிட்டது. சங்கத்தில் எங்களைக் கண்ட நண்பர்கள் மூன்று வினாக்களைத் தவறாமல் கேட்டனர். என்ன சமைத்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள், வீட்டுப் பெரியவர்கள் எங்ஙனம் இசைந்தார்கள் என்பனவே அவை. முதல் இரண்டிற்கும் விடை எளிது. மூன்றாவதற்கு விடை கூறச் சற்றுச் சுற்றி வரவேண்டும். அதனாலேயே எழுத முற்பட்டோம்.

பெருநகரங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்விழாவின் பெயர் இன்று புதியதன்று. அக்டோபர் பிறந்தால் கடைகளில் நெகிழி எலும்புக்கூடுகளும் கூம்புத் தொப்பிகளும் தொங்குகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகள் பேய் வேடம் புனைந்து வீடு வீடாய்ச் சென்று மிட்டாய் கேட்கின்றனர். எங்கள் மக்கள் இருவரும், மூத்தவளுக்கு 12 வயது, இளையவனுக்கு 8, இவ்விருந்தை 2024-இலேயே கேட்டார்கள். அவ்வாண்டு தீபாவளியும் காளி பூசையும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்னும் ஒரே நாளில் வந்து எங்களைக் காத்தன. "தீபாவளியன்று வேறொரு விருந்து எதற்கு?" என்று கூறித் தப்பினோம். 2025-இலோ தீபாவளி அக்டோபர் 20-ஆம் நாளே வந்து போயிற்று. சாக்குச் சொல்ல வழியில்லை.

எங்கள் அன்னையார் 80 வயது நிறைந்தவர். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ப் பேய்க்கு இலை போடுவதா? அமாவாசையன்று நம் பெரியவர்களுக்குப் போடுகிற இலை போதாதா?" என்றார். குரலில் சினம் இல்லை. அதனாலேயே மறுத்துப் பேச எங்களுக்கு நா எழவில்லை. பெண்ணோ, "பாட்டி, தோழிகளை எல்லாம் அழைத்தாயிற்று" என்று கண் கலங்கினாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சுக் குறைந்தது. அன்னையாருடைய அச்சம் பேயைப் பற்றியதன்று என்பதை நாங்கள் அறிவோம். பேரன் தமிழ் பேசுவான், எழுத அறியான். கொள்ளுப்பாட்டனார் பெயரைக் கேட்டால் விழிப்பான். அயல்நாட்டுப் பேய்கள் அத்தனையின் பெயரும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்!

விலக்குவதாயினும் ஏற்பதாயினும் பொருளை அறிந்து செய்வோம் என்று அவ்விழாவைப் பற்றித் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது.

இவ்விழாவின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ளது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை அந்நாட்டு மக்கள் 'சவ்வின்' என்னும் பெயரால் கொண்டாடினர். இவ்வுலகிற்கும் மறுவுலகிற்கும் இடைப்பட்ட கதவு அவ்விரவில் திறந்திருக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. பின்னர்க் கிறித்தவ சமயம் நவம்பர் 1-ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும், 2-ஆம் நாளை இறந்தோர் அனைவருக்கும் உரியதாக்கிற்று. புனிதர் திருநாளுக்கு முந்திய மாலையே ஹாலோவீன். இறந்தோர் இரவில் அடுப்பு நெருப்பை அணையாது விட்டு, போனவர்கள் வந்தால் அமர ஒரு நாற்காலியும் இட்டு வைப்பது அயர்லாந்துக் குடியானவர் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாய்ச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்க்காக வேண்டிக்கொள்வதாய்க் கூறி, அதற்கு ஈடாய் ஒரு சிறு அப்பம் பெற்றனர். 'ஆன்ம அப்பம்' என்பது அதன் பெயர். இன்று குழந்தைகள் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பதற்கும் அதற்கும் உறவுண்டு.

எங்களை மிகவும் கவர்ந்த செய்தி வேறு. புனிதர் திருநாளுக்கு முந்திய நாள் கத்தோலிக்கர்க்கு நோன்பு நாளாகவும் புலால் நீக்கும் நாளாகவும் இருந்தது. 1917-இல் வெளியான அவர்களுடைய திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி இடம்பெற்றது. பிற்காலத்தில்தான் அது தளர்ந்தது. எனவே அயர்லாந்தின் பழைய ஹாலோவீன் இரவு உணவில் இறைச்சி இல்லை. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, வெண்ணெய், ஆப்பிள், கொட்டைகள், உலர்பழ ரொட்டி இவையே பந்தி. இதனைச் சொன்னபோது அன்னையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "அப்படியானால் அவர்களும் விரதம் இருந்துதான் சாப்பிட்டார்களா?" என்று கேட்டார். அடுப்படிக் கதவு பாதி திறந்தது அப்போதுதான்.

மீதிப் பாதியைத் திறந்தது பரங்கிக்காய். ஹாலோவீன் என்றதும் அனைவர் கண்முன்னும் நிற்பது, முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றிய பரங்கிக்காய் அன்றோ? அயர்லாந்தில் பரங்கிக்காய் கிடையாது. அங்கே குடைந்தது டர்னிப் என்னும் கிழங்கை. 1845-ஆம் ஆண்டில் ஒரு நோய் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை அழிக்கத் தொடங்கிற்று. அதனால் விளைந்த பெரும் பஞ்சம் 1852 வரை நீடித்தது. சுமார் 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். அமெரிக்கா சென்றவர்கள் தங்கள் விழாவையும் உடன் கொண்டு சென்றார்கள். அங்கே டர்னிப்பைக் காட்டிலும் பெரிதாகவும் குடைய எளிதாகவும் பரங்கிக்காய் மலிந்து கிடந்தது. கிடைத்ததைக் கொண்டு விழா நடத்தினார்கள். வாழையிலைக்கும் மாவிலைக்கும் லேக் மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி வரும் நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நம் பரங்கியும் உள்ளூர்க்காரன் அல்லன். அமெரிக்கக் கண்டத்திற்குரிய கொடி அது. பரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். அந்நியன் பெயரைத் தலையில் சுமந்துகொண்டே அது நம் கூட்டிலும் குழம்பிலும் குடியேறிவிட்டது. வங்கத்தில் அதுவே 'மிஷ்டி கும்ரோ'. காயில் முகம் எழுதுவதும் நமக்குப் புதிதன்று. புதுமனை கட்டுகையில் மீசையும் கோரைப்பல்லுமாய் முகம் தீட்டிய பூசணியைத் திருட்டிக்காகத் தொங்கவிடுகிறோம். "அது நம்முடையது, இது மட்டும் பேயா?" என்று பேரன் கேட்டதற்கு அன்னையார் விடை கூறவில்லை. சிரித்தார்.

இனி விருந்தைச் சொல்வோம். முதலில் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டோம். இந்நாளில் இவ்விருந்துக்கெனப் பரிந்துரைக்கப்படும் பண்டங்களிற் பல, வெட்டுண்ட விரல் போன்றும் பிடுங்கிய கண் போன்றும் சமைக்கப்படுவன. குழந்தைகள் அவற்றைக் கண்டு கூச்சலிட்டு மகிழ்கிறார்கள் என்பது மெய். ஆயினும் அன்னத்தை அருவருக்கும்படி செய்வது எங்கள் மனத்துக்கு ஒவ்வவில்லை. இரண்டே விலக்குகள் அளித்தோம். சிறு இட்டிலிகளில் மிளகு இரண்டைக் கண்ணாகப் பதித்துச் சாம்பாரில் மிதக்கவிட்டோம். வெள்ளைப் பேய்கள் 60 செய்தும் முதலில் தீர்ந்தவை அவையே. பீட்ரூட் பச்சடியை 'இரத்தப் பச்சடி' என்று அழைக்கச் சிறுவர்கள் விரும்பினார்கள். பச்சடிக்கு அன்னையார் இசைந்தார், பெயருக்கு இசையவில்லை.

பந்தியின் நடுநாயகம் 'கொல்கானன்' என்னும் அயர்லாந்து உருளைக்கிழங்கு மசியல். 14 பேருக்கு, வேறு பண்டங்களும் இருப்பதால், 2 கிலோ கிழங்கு போதியதாயிற்று. தோலுடன் வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து மசிக்க வேண்டும். ஆறிய கிழங்கு பசைபோல் இழுக்கும். முக்கால் கிலோ முட்டைக்கோசை மெல்லிதாக அரிந்து, உப்பிட்ட கொதிநீரில் நான்கைந்து நிமிடம் வைத்து, நீரை ஒட்டப் பிழிந்தெடுக்க வேண்டும். அங்கே 'கேல்' என்னும் சுருள் கீரையையும் இடுவர். இங்கு அதன் விலைக்குக் கோசு குறைந்ததன்று. வெங்காயத்தாள் ஒரு கட்டை நறுக்கி 400 மில்லி பாலில் இட்டுக் காய்ச்சி, அப்பாலைக் கிழங்கில் விட்டு, கோசும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துக் கிளறினால் வேலை முடிந்தது. அதை உண்ணும் முறையே அழகு. ஒவ்வொருவர் இலையிலும் குன்றுபோல் வைத்து, நடுவே குழித்து, அக்குழியில் வெண்ணெய் இட வேண்டும். வெண்ணெய் உருகிக் குளமாகும். ஓரத்திலிருந்து எடுத்து அக்குளத்தில் தோய்த்துத் தோய்த்து உண்பர். 200 கிராம் வெண்ணெய் செலவாயிற்று. நெய் விட்ட பருப்புஞ்சோற்றுக்குப் பழகிய நாவிற்கு இது சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

அடுத்தது 'பார்ம்பிராக்' என்னும் உலர்பழ ரொட்டி. ஹாலோவீன் இரவில் இதனுள் மோதிரம், காசு, பட்டாணி, குச்சி, துணித்துண்டு ஆகியவற்றை மறைத்து வைப்பர். மோதிரம் கிடைத்தவர்க்கு ஆண்டிற்குள் மணம். காசு கிடைத்தவர்க்குச் செல்வம். துணி கிடைத்தவர்க்கு வறுமை. குச்சி கிடைத்தால் இல்வாழ்வில் சண்டையாம். இதனை ஈஸ்ட் இட்டும் செய்வர், தேநீரில் பழங்களை ஊறவைத்தும் செய்வர். தேயிலைக்குப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு வேறு வழியை நாடுவானேன்? முதல் நாள் இரவு 350 கிராம் உலர்திராட்சையை 300 மில்லி கடுந்தேநீரில் ஊறவிட்டோம். மறுநாள் 250 கிராம் மைதா, 150 கிராம் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது பட்டைத்தூளும் சாதிக்காயும் சேர்த்து, முட்டைக்கு ஈடாக நான்கு மேசைக்கரண்டி தயிர் விட்டுக் கலந்து, 170 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட்டோம். இவ்வளவில் ஒரு ரொட்டி வரும். நாங்கள் இரண்டு செய்தோம். மோதிரம், காசுகளை மட்டும் ரொட்டிக்குள் வைக்கவில்லை. சிறு குழந்தைகள் விழுங்கிவிடும் இடர் உண்டு. அவற்றைக் காகிதத்தில் எழுதி இலைக்கு அடியில் ஒளித்தோம். வறுமையும் சண்டையும் எழுதிய தாள்களை அன்னையார் முன்னரே எடுத்துக் கிழித்துவிட்டார் என்பது பின்னரே தெரிந்தது.

பரங்கிக்காய் 5 கிலோ நிறையுள்ளதாய் ஒன்று வாங்கினோம். மேனாட்டில் செதுக்குவதற்கென வளர்க்கும் காய் நீர்த்தும் நாரோடியும் இருக்கும். பெரும்பாலும் விளக்குக்குப் பின் குப்பைக்கே போகும். நம் காய் கெட்டி, குடைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனால் குடைந்தது யாவும் உணவு. சதையில் பால் கூட்டுச் செய்தோம். வெல்லம் கரைந்து சற்று ஆறிய பின்பே பால் விடவேண்டும், கொதிக்கையில் விட்டால் திரிந்துபோகும். விதைகளை அலசி உலர்த்தி உப்பிட்டு வறுத்தோம். மூடியின் தோல் துவையலாயிற்று. செதுக்குவோர் அன்று காலையே செதுக்குக. இவ்வூர் வெப்பத்தில் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். மூடியைச் சாய்வாக அறுத்தால் உள்ளே விழாது.

விருந்துக்கு வந்தவர்களில் அண்டை வீட்டு வங்காளிக் குடும்பத்தினரும், மேல்மாடியில் வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தினரும் இருந்தனர். பரங்கி விளக்கைக் கண்டதும் வங்காளி அம்மையார், "இது எங்கள் பூத சதுர்த்தசி அல்லவா!" என்றார். காளி பூசைக்கு முந்திய சதுர்த்தசியில் வங்காளிகள் முன்னோர் 14 தலைமுறையினரை நினைந்து 14 விளக்கேற்றுவர். 14 வகைக் கீரை சேர்த்துச் சமைத்து உண்பர். கடுகுக்கீரை, வேப்பிலை, சீந்தில், ஆரை முதலியவை கலந்து, அந்நாள் காலையில் கொல்கத்தாச் சந்தைகளில் கூறு கட்டி விற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நாம் எண்ணெய் தேய்த்து நீராடும் நரக சதுர்த்தசியும் அவர்களுடைய பூத சதுர்த்தசியும் ஒரே திதி. மேல்மாடிக் குடும்பத்தினர் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைக்குச் சென்று, கல்லைக் கழுவி, மலரிட்டு, மெழுகுவத்தி ஏற்றி வருவதைப் பற்றிச் சொன்னார்கள். ஆக, பந்தியில் அமர்ந்த மூன்று குடும்பத்தார்க்கும் இறந்தவர்களுக்கென ஒரு நாள் இருந்தது. அதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டது அன்றுதான்.

சாப்பாட்டினிடையே பெண் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். ஒவ்வொருவரும் தம் வீட்டில் மறைந்துபோன ஒருவரைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். பேய்க்கதையாகத்தான் அவள் எண்ணியிருந்தாள். முதலில் இரண்டு மூன்று பேய்கள் வந்தன, மாமரத்தில் ஏறின, இறங்கின. அதன்பின் அன்னையார் முறை வந்தது. அவர் பேய்க்கதை சொல்லவில்லை. தம் மாமியாரைப் பற்றிச் சொன்னார்.

அந்த அம்மையார் மணமான புதிதில் இந்நகருக்கு வந்தவர். 1943-இல் வங்கப் பஞ்சத்தின்போது இராஷ்பிகாரி அவென்யூவை அடுத்த ஒரு சந்தில் குடியிருந்தார். சிற்றூர்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாய்க் கொல்கத்தாவிற்கு வந்தார்கள். வாசலில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று அறிந்து, "ஃபேன் தாவ், மா" என்று வடித்த கஞ்சியையே கேட்டார்கள். அம்மையார் நாள்தோறும் கஞ்சியைக் கொட்டாமல் பானையில் எடுத்து வைத்து ஊற்றினார். கைக்குழந்தையுடன் ஒருத்தி நாள் தவறாமல் வருவாள். ஒருநாள் அவள் வெறுங்கையாய் வந்தாள். கஞ்சியை வாங்கிக்கொண்டாள். மறுநாள் வரவில்லை. அவள் பெயரை அம்மையார் கேட்டதில்லை.

"அதனால்தான் என் மாமியார் தம் காலம் முடியுமட்டும் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்துத் துளசி மாடத்தடியில் விடுவார். எனக்கும் சொல்லிக் கொடுத்தார். உறவு இல்லாதவர்களுக்கும் தர்ப்பணத்தில் நீர் விடுகிறோம் அல்லவா? எனக்கு மந்திரம் தெரியாது, கஞ்சி தெரியும்" என்றார் அன்னையார்.

குக்கர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் வடித்த சோறே வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்வதையும், கஞ்சியில் ஒரு கரண்டியைத் துளசித் தொட்டியில் விடுவதையும் நாங்கள் நாள்தோறும் கண்டிருக்கிறோம். செடிக்கு உரம் என்றே எண்ணியிருந்தோம். அதன் காரணத்தை அன்று வரை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

பந்தி சற்று நேரம் அமைதியாக இருந்தது. வங்காளி அம்மையார் எழுந்து வந்து அன்னையாரின் கையைப் பற்றிக்கொண்டார். தம் பாட்டியும் ஒரு சிற்றூரிலிருந்து அவ்வாண்டில் நடந்தே நகருக்கு வந்தவர் என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தைப் பற்றிப் படித்துக்காட்டியிருந்த பேரன், "பாட்டி, அங்கே 10 இலட்சம், இங்கே எத்தனை?" என்று கேட்டான். 20 முதல் 30 இலட்சம் வரை என்று கணிக்கிறார்கள் என்றோம். அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான். பிறகு, "கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டான். அன்னையார் சொன்னார். இலைக்கடியில் இருந்த தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில் எழுதப் புகுந்தான். முதல் எழுத்தில் தடுமாறினான். அக்காள் அவன் கைபிடித்து எழுதுவித்தாள்.

இப்படி ஒரு விருந்து நடத்த எண்ணுவோர்க்கு இரண்டொரு சொல். பெரியவர்களை அடுப்படியிலேயே நிறுத்திவிடாமல் பந்தியில் அமர்த்துங்கள். மெழுகுவத்தியைத் திரைச்சீலைக்கு அருகில் வைக்காதீர்கள். வேடத்திற்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை, பழைய வேட்டி ஒன்று மூன்று பேய்களுக்குப் போதும். எண்ணெய்ப் பண்டங்களைக் குறையுங்கள். தீபாவளிப் பலகாரம் டப்பாவில் இன்னும் இருக்கும்.

பரங்கி விளக்கை மூன்றாம் நாள் தொட்டி மண்ணில் புதைத்தோம். வறுக்காமல் எடுத்து வைத்த விதைகள் பத்து இருக்கின்றன. அடுத்த விருந்தில் உலர்பழ ரொட்டி ஒன்றே போதும், மசியலுக்கு முன்னால் ஒவ்வொரு இலைக்கும் ஒரு சிறு குவளை கஞ்சி வைக்கவேண்டும் என்று அன்னையார் சொல்லியிருக்கிறார். உப்பிட்டா, உப்பின்றியா என்பதில் அவருக்கும் பேத்திக்கும் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.